"என் காணொளி எங்கே?": திறமூலப் பதிவேற்ற, என்கோடிங் சேவையை விரிவாக்கவும் ஆவணப்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வர், அதில் ஓர் இணையச் செயலி, அதன் பின்னால், காணொளியை வேறு வடிவங்களுக்கு மாற்றும் (என்கோடிங்) மென்பொருளான எஃப்எஃப்எம்பெக். நாளுக்குப் பத்துக் காணொளிகள் வரும்வரை இந்த அமைப்பு குறையில்லாமல் ஓடும். அது ஐந்நூறாகும்போது, கூடுதல் கணினிகளைச் சேர்த்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். என் அனுபவத்தில் முதலில் முறிவது கணினியின் வேகம் அன்று. "நேற்று ஏற்றிய என் காணொளி எங்கே?" என்று ஒருவர் கேட்கிறார், யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதிவேற்றம் முடிந்ததா, வரிசையில் நிற்கிறதா, என்கோடிங் பாதியில் நின்றுபோனதா என்பது எங்கும் எழுதப்படவில்லை. சேவை உடையும் இடம் அதுதான்.

திறமூலத் திட்டத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. நீங்கள் சந்தித்தே இராத ஒருவர், நீங்கள் பார்த்தே இராத சர்வரில் உங்கள் நிரலை ஓட்டுகிறார். நள்ளிரவில் அது நின்றுபோனால் அவர் கையில் இருப்பது உங்கள் ஆவணம் மட்டுமே. அதனால் விரிவாக்கத்தையும் ஆவணத்தையும் நான் தனித்தனி வேலைகளாகப் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டியிலும் இரண்டும் கலந்தே வரும்.

படி 1: நிலைகளை முதலில் எழுதுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் காணொளியின் நிலைகளை வரிசையாக எழுதுங்கள்: உருவாக்கப்பட்டது, பதிவேறுகிறது, வந்துசேர்ந்தது, சோதனையில், வரிசையில், என்கோடிங்கில், தயார், தோல்வி, நீக்கப்பட்டது. ஒவ்வொரு நிலைக்கும் எதிரே மூன்று விடைகள் வேண்டும். இந்த நிலையிலிருந்து அடுத்ததற்கு யார் நகர்த்துகிறார்? அதிகபட்சம் எவ்வளவு நேரம் இதில் இருக்கலாம்? அந்த நேரம் கடந்தால் என்ன நடக்கும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான திட்டங்களில் விடை இருப்பதில்லை. பயனர் பாதியில் உலாவியை மூடிவிட்டால் அந்தக் காணொளி "பதிவேறுகிறது" என்ற நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

நிலை மாற்றம் தரவுத்தளத்தில் நிபந்தனையோடு நடக்க வேண்டும். "இந்த வரியின் நிலை 'சோதனையில்' என்றிருந்தால் மட்டும் 'வரிசையில்' என்று மாற்று" என எழுதுங்கள். மாறிய வரிகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் வேறு யாரோ முந்திவிட்டார்கள் என்று பொருள், அமைதியாக விலகிவிடலாம். காணொளிக்கு ஒரு நிலை, அதன் ஒவ்வொரு தர வடிவத்துக்கும் தனி நிலை என்று பிரித்து வையுங்கள். 360 வரி வடிவம் தயாராகி 1080 வரி வடிவம் தோற்றிருக்கலாம். அந்தக் காணொளியைத் தாராளமாகப் பார்க்க விடலாம். தோல்விக்கு ஒரு காரணக் குறியீடும் கட்டாயம். மறுபடி முயன்றால் சரியாகக்கூடியது எது, எத்தனை முறை முயன்றாலும் சரியாகாதது எது என்பதை அந்தக் குறியீடே சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் உங்கள் ஆவணத்தின் முதல் பக்கம். அப்படியே நிரல் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: பதிவேற்றம் அறுந்தாலும் தொடரட்டும்

ஒரே கோரிக்கையில் முழுக் கோப்பையும் அனுப்பும் முறை, சில நூறு எம்பியைத் தாண்டினால் நம்பத் தகாதது. 95 சதவீதத்தில் இணைப்பு அறுந்தால் பயனர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலர் தொடங்க மாட்டார்கள். இதற்கென்றே டஸ் என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. போஸ்ட் கோரிக்கை பதிவேற்றத்தை உருவாக்கி ஒரு முகவரியைத் தருகிறது. ஹெட் கோரிக்கை இதுவரை எத்தனை பைட் வந்துசேர்ந்தது என்று சொல்கிறது. பேட்ச் கோரிக்கை அந்த இடத்திலிருந்து தொடர்கிறது. அனுப்புபவர் சொல்லும் இடமும் சர்வரிடம் உள்ள இடமும் பொருந்தாவிட்டால் 409 என்ற பதில் வரும். அவர் மீண்டும் ஹெட் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். நெறிமுறையின் உயிர் இவ்வளவுதான்.

செயலிக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் இரண்டு இயல்பு அமைப்புகளைக் கவனியுங்கள். கோரிக்கை உடலின் அளவு வரம்பு இயல்பாக 1 எம்பிதான். மேலும், வரும் தரவு முழுவதையும் தன்னிடம் சேமித்த பிறகே அது பின்னால் அனுப்பும். அதை நிறுத்தாவிட்டால், இணைப்பு அறுந்த துண்டில் ஒரு பைட்கூட உங்கள் செயலிக்கு வந்திருக்காது. தொடரும் வசதி பெயரளவில்தான் இருக்கும். சர்வர்கள் ஒன்றுக்கு மேல் என்றால், பாதி வந்த கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்ற கேள்வியும் எழும். பொதுச் சேமிப்பகத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே பதிவேற்றத்தின் கோரிக்கைகள் ஒரே சர்வருக்குப் போகும்படி செய்யுங்கள்.

இன்னும் பெரிதானால், காணொளியின் பைட்டுகள் உங்கள் செயலியைத் தொடவே வேண்டாம். கையொப்பமிட்ட தற்காலிக முகவரிகளைக் கொடுத்து, உலாவியிலிருந்து நேராகப் பொருள் சேமிப்பகத்துக்கே (கோப்புகளை முகவரி வழியே வைத்தெடுக்கும் சேமிப்பகம்) அனுப்பச் சொல்லுங்கள். அமேசானின் எஸ்3 சேமிப்பக முறையில் கடைசித் துண்டைத் தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். அதிகபட்சம் 10,000 துண்டுகள். ஆக, 5 எம்பித் துண்டுகளாகவே அனுப்பினால் ஏறத்தாழ 50 ஜிபியில் சுவரில் முட்டுவீர்கள். கோப்பின் அளவைப் பார்த்துத் துண்டின் அளவை முடிவு செய்யுங்கள். பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் சாதாரணப் பட்டியலில் தெரியாமலே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சில நாட்களில் அவற்றை அழிக்கும் விதியை நிறுவும்போதே அமைத்துவிடுங்கள்.

"முடிந்தது" என்று உலாவி சொல்வதை மட்டும் நம்பி நிலையை மாற்றாதீர்கள். சேமிப்பகத்திடமே அளவைக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் "வந்துசேர்ந்தது".

படி 3: வந்த கோப்பை அந்நியனாக நடத்துங்கள்

கோப்பின் பெயர் நீட்டிப்பையும் உலாவி சொல்லும் வகையையும் ஓரமாக வைத்துவிட்டு, எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் கருவியைக் கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எம்பி4 கோப்புகளில் அட்டவணைப் பகுதி பெரும்பாலும் கோப்பின் இறுதியில் இருக்கும். அதனால் முழுதும் வந்த பிறகே சோதனை பொருள்படும். கைப்பேசிக் காணொளிகளில் மூன்று விஷயங்கள் மீண்டும் மீண்டும் தொல்லை தரும்: சுழற்சித் தகவல், மாறிக்கொண்டே இருக்கும் சட்டக வேகம், 10 பிட் எச்டிஆர் (விரிந்த ஒளி வீச்சு) வண்ணம். மூன்றாவதைக் கவனிக்காமல் சாதாரண வண்ணத்துக்கு மாற்றினால் காணொளி வெளிறித் தெரியும். ஒலியே இல்லாத கோப்புகளும் வரும். அவை பிழை அல்ல.

பாதுகாப்பை இங்கே பேசியாக வேண்டும். காணொளி போல வேடமிட்ட எச்எல்எஸ் பட்டியல் கோப்பின் (காணொளித் துண்டுகளின் முகவரிகளை அடுக்கும் கோப்பு) மூலம் சர்வரின் உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்கவைக்கும் ஓட்டை, 2016-இல் எஃப்எஃப்எம்பெக்கில் வெளியே தெரியவந்தது. அந்த ஓட்டை அடைபட்டது. பாடம் இன்றும் பழையதாகவில்லை. சோதனையும் என்கோடிங்கும் நடக்கும் கன்டெய்னருக்கு (நிரல் தனித்து ஓடும் அடைப்புக்கு) இணைய அணுகல் வேண்டாம். அனுமதிக்கும் நெறிமுறைகளின் பட்டியலை வெளிப்படையாகச் சுருக்குங்கள். நினைவகத்துக்கும் நேரத்துக்கும் உச்சவரம்பு வையுங்கள். சில கேபி அளவுள்ள கோப்பு, மிகப் பெரிய படப்பரப்பை அறிவித்து நினைவகம் முழுவதையும் விழுங்கக்கூடும். ஆகவே கோப்பின் அளவுக்கு மட்டுமல்லாமல், படப்பரப்புக்கும் கால அளவுக்கும் வரம்பு தேவை.

படி 4: வரிசை: நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம்

நாங்கள் பராமரித்த ஒரு சேவையில் மூன்று மணி நேரக் காணொளி ஒன்று மூன்று கணினிகளில் ஒரே சமயத்தில் என்கோட் ஆகிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே இடத்தில் எழுதின. வெளிவந்ததில் சில துண்டுகள் ஓர் ஓட்டத்தினுடையவை, சில இன்னொன்றினுடையவை. காரணம் எளியது. வேலையை எடுத்த வொர்க்கர் (வரிசையிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் நிரல்) குறித்த நேரத்துக்குள் "முடிந்தது" என்று சொல்லாததால், அது இறந்துவிட்டதாகக் கருதி வரிசை அந்த வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டது. எங்கள் அமைப்பில் அந்த நேரத்தை யாரும் மாற்றியிருக்கவில்லை. ஆவணத்திலும் அது இல்லை.

பெரும்பாலான வரிசை மென்பொருள்கள் சில விநாடிகளில் முடியும் வேலைகளை மனதில் வைத்து உருவானவை. அமேசானின் எஸ்கியூஎஸ் வரிசையில் எடுத்த செய்தி மற்ற வொர்க்கர்களுக்கு மறைந்திருக்கும் நேரம் இயல்பாக 30 விநாடி, உச்சம் 12 மணி நேரம். ரெடிஸ் தரவுச் சேமிப்பின் மேல் ஓடும் செலரி வரிசையில் அது இயல்பாக 1 மணி நேரம். ரேபிட்எம்கியூ வரிசையின் இப்போதைய பதிப்புகளில், வேலை முடிந்ததென்று சொல்லும் ஒப்புகைக்கான இயல்புக் காலம் 30 நிமிடம். நீண்ட காணொளி இவற்றில் பலவற்றைச் சாதாரணமாகத் தாண்டும்.

எண்ணை ஏற்றிவைப்பது அரைத் தீர்வு. அப்படிச் செய்தால் உண்மையிலேயே இறந்த வொர்க்கரின் வேலை பல மணி நேரம் அனாதையாகக் கிடக்கும். முழுத் தீர்வு குத்தகை முறை. வரிசையில் வேலையின் அடையாள எண் மட்டும் செல்லட்டும். வொர்க்கர் தரவுத்தளத்தில் "இந்த வேலை இரண்டு நிமிடங்களுக்கு என்னுடையது" என்று எழுதி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கட்டும். புதுப்பிக்காமல் காலாவதியான குத்தகைகளை ஒரு சிறு நிரல் தேடிப் பிடித்து மீண்டும் வரிசையில் விடட்டும். வேலை ஆறு மணி நேரம் ஓடினாலும் இறப்பு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறுமுக எண் கொடுங்கள். வெளியீடு அந்த எண் கொண்ட தனிப் பாதையில் எழுதப்படட்டும். எல்லாம் முடிந்த பிறகு, "தற்போதைய முயற்சி எண் இன்னும் என்னுடையதுதான் என்றால் மட்டும்" தரவுத்தளத்தில் சுட்டியை மாற்றட்டும். இறந்ததாக நினைத்த பழைய வொர்க்கர் திடீரென விழித்தெழுந்தாலும் அதனால் எதையும் கெடுக்க முடியாது.

தனி வரிசை மென்பொருளே தேவையா என்பதையும் யோசியுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.5 பதிப்பு 2016-இல் வந்ததிலிருந்து, பூட்டப்பட்ட வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. என்கோடிங் வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, நேரத்தில் நீளம். நாளுக்குப் பல்லாயிரம் வேலைகள் வந்தாலும் தரவுத்தளத்துக்கு அது சுமையே அல்ல. நிறுவுபவர் பராமரிக்க வேண்டிய பகுதி ஒன்று குறைவது திறமூலத் திட்டத்துக்குப் பெரிய வரம்.

வரிசையில் நியாயமும் வேண்டும். ஒருவர் இருநூறு காணொளிகளை ஒன்றாக ஏற்றினால், அடுத்து ஒன்றே ஒன்று ஏற்றியவர் நாள் முழுக்கக் காத்திருக்கக் கூடாது. பயனர் வாரியாகச் சுற்றுமுறையில் எடுங்கள். குறைந்த தர வடிவத்தை முதலில் முடித்தால் காணொளி சீக்கிரம் பார்க்கக் கிடைக்கும். உயர் தரம் பின்னால் சேர்ந்துகொள்ளட்டும்.

படி 5: என்கோடிங் ஏணி

எச்.264 வடிவம் 2003-இல் வந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கருவிகளும் அதை இயக்குகின்றன. அதிலிருந்து தொடங்குங்கள். 2018-இல் வந்த ஏவி1 ஒரே தரத்துக்குக் குறைந்த இடம் எடுக்கும், ஆனால் மென்பொருளால் என்கோட் செய்ய அதிக நேரம் கேட்கும். அதிகம் பார்க்கப்படும் காணொளிகளுக்கு மட்டும் அதைப் பின்னர் சேர்க்கலாம்.

ஒரே காணொளியின் தர வடிவங்களை அடுக்கிய ஓர் எடுத்துக்காட்டு ஏணி: 1080 வரிக்கு விநாடிக்கு 5 எம்பிட், 720 வரிக்கு 2.8, 480 வரிக்கு 1.4, 360 வரிக்கு 0.8. கூட்டினால் விநாடிக்கு 10 எம்பிட். அதாவது நிமிடத்துக்கு 75 எம்பி, ஒரு மணி நேரக் காணொளிக்கு 4.5 ஜிபி. ஒலியும் மூலக் கோப்பும் இதில் அடங்கா. மூலம் 480 வரி என்றால் அதற்கு மேல் உருவாக்காதீர்கள். இல்லாத விவரத்தை எந்த என்கோடரும் கொண்டுவராது.

தர வடிவங்களுக்கிடையே தடங்கலின்றி மாற, எல்லாவற்றிலும் கீஃபிரேம்கள் (முந்தைய சட்டகங்களைச் சாராத முழுச் சட்டகங்கள்) ஒரே நேரப் புள்ளிகளில் விழ வேண்டும். எச்எல்எஸ்ஸுக்கு ஆப்பிளின் வழிகாட்டுதல் 2 விநாடிக்கு ஒரு கீஃபிரேம், 6 விநாடித் துண்டுகள். கீஃபிரேம் இடைவெளியைச் சட்டக எண்ணிக்கையில் கொடுக்காமல், நேரக் கணக்கில் கட்டாயப்படுத்துங்கள். சட்டக வேகம் மாறும் கைப்பேசிக் கோப்புகளில் எண்ணிக்கை உங்களைக் கைவிட்டுவிடும்.

நீண்ட காணொளியைத் துண்டாக்கிப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் என்கோட் செய்வது கவர்ச்சியான யோசனை. காட்சியைக் கீஃபிரேம் எல்லைகளில் வெட்டினால் அது நன்றாகவே நடக்கும். ஒலியை மட்டும் வெட்டாதீர்கள். ஏஏசி ஒலி என்கோடர் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் சிறிது வெற்று ஒலியைச் சேர்க்கும். ஒட்டும் இடங்களில் அது சொடுக்கொலியாகக் கேட்கும். ஒலியை முழுதாக ஒரே வேலையாக ஓட்டி, இறுதியில் காட்சியோடு சேருங்கள். காணொளிகள் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் என்றால் இந்தச் சிக்கலே வேண்டாம். வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே போதும்.

படி 6: எத்தனை கணினிகள் வேண்டும்?

ஒரே ஓர் எண்ணை அளந்துகொள்ளுங்கள்: ஒரு நிமிட மூலக் காணொளியின் முழு ஏணியையும் முடிக்க ஒரு வொர்க்கருக்கு எத்தனை நிமிடம்? அது 1.5 என்று வைப்போம். நாளுக்கு 40 மணி நேரக் காணொளி வந்தால் 60 வொர்க்கர் மணி நேரம் தேவை. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் 2.5 வொர்க்கர். இந்தச் சராசரி ஏமாற்றும். பாதிக் காணொளிகள் மாலையின் 4 மணி நேரத்தில் வந்தால், அந்த வேளையில் 20 மணி நேர மூலத்துக்கு 30 வொர்க்கர் மணி நேரம். தேங்காமல் சமாளிக்க 7.5 வொர்க்கர், அதாவது எட்டு. மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பது, பயனர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற உங்கள் முடிவு. அந்த முடிவை ஆவணத்தில் எழுதுங்கள்.

தானாக விரிவதற்கு சிபியு பயன்பாட்டை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். என்கோடிங் நடக்கும்போது அது எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். வரிசையில் மிக நீண்ட நேரமாகக் காத்திருக்கும் வேலையின் வயதைப் பாருங்கள். சுருங்கும்போதும் கவனம் தேவை: கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ், 'பாட்' எனப்படும் ஒரு கன்டெய்னர் தொகுதியை நிறுத்தும் முன் இயல்பாகத் தருவது 30 விநாடி அவகாசம். நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை வந்தவுடன் வொர்க்கர் குத்தகையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கன்டெய்னருக்கு நான்கு கோர் என்று வரம்பு வைத்தாலும், எஃப்எஃப்எம்பெக்கின் கண்ணில் படுவது கணினியின் அத்தனை கோர்களும்தான். 64 கோர் கணினியில் அது அதற்கேற்ற இழைகளை (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தடங்களை) திறந்து தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இழைகளின் எண்ணிக்கையை வெளிப்படையாகக் கொடுங்கள். பெரிய கணினியில் ஒரே ஓட்டத்துக்கு எல்லாக் கோர்களையும் தருவதைவிட, பல ஓட்டங்களுக்குப் பிரித்துக்கொடுத்தால் மொத்த வேலை அதிகம் முடியும்.

திறமூலக் காணொளித் தளமான பியர்டியூப் 2023-இல் தன் 5.2 பதிப்பில் கொண்டுவந்த தொலைநிலை என்கோடிங் பார்த்துப் படிக்க வேண்டிய வடிவமைப்பு. அதில் வெளிக் கணினிகள் தாமாகவே வந்து முதன்மைச் சர்வரிடம் வேலையைக் கேட்டு வாங்குகின்றன. அவற்றுக்குத் தரவுத்தளக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. சமூகத்தில் ஒருவர் தன் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தைத் தானமாகக் கொடுக்க இந்த அமைப்பு வழிவிடுகிறது.

படி 7: சேமிப்பு, விநியோகம், கண்காணிப்பு

இவை மூன்றும் சுருக்கமாகவே முடியும். முயற்சி எண் பாதையிலேயே இருப்பதால் துண்டுக் கோப்புகள் ஒருபோதும் மாறா. அவற்றை இடைச்சேமிப்பில் நீண்ட காலம் வைக்கலாம். பட்டியல் கோப்புக்குக் குறுகிய காலம் போதும். மூலக் கோப்பை வைத்திருப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்; அதை அழித்துவிட்டால் நாளை புதிய வடிவத்துக்கு மாற வழியிருக்காது.

கண்காணிக்க நான்கு அளவுகள் போதும்: காத்திருக்கும் மூத்த வேலையின் வயது, ஒவ்வொரு நிலையிலும் வரம்பு கடந்து நிற்பவை, காரணக் குறியீடு வாரியான தோல்விகள், மூல நிமிடத்துக்கு ஆகும் என்கோடிங் நிமிடம். எல்லாப் பதிவுகளிலும் காணொளியின் அடையாள எண் இருக்கட்டும். தோல்வியுற்ற ஓட்டத்தில் எஃப்எஃப்எம்பெக் கடைசியாகச் சொன்ன சில பத்து வரிகளை அந்த வேலையோடு சேர்த்தே சேமியுங்கள்.

படி 8: ஆவணம்

ஆவணத்தை நான்கு வகையாகப் பிரிக்கும் டயடாக்ஸிஸ் முறையைப் பரிந்துரைக்கிறேன்: கற்றுத்தரும் பாடம், ஒரு வேலையை முடிக்க உதவும் செய்முறை, பார்த்தறியும் விவரப் பட்டியல், ஏன் என்று விளக்கும் கட்டுரை. நான்கையும் ஒரே பக்கத்தில் கொட்டும்போதுதான் வாசகர் தொலைந்துபோகிறார்.

பாடம் ஒன்றே ஒன்று போதும்: நிறுவு, ஒரு காணொளியை ஏற்று, இயக்கிப் பார். அதற்கான மாதிரிக் காணொளியை எஃப்எஃப்எம்பெக்கின் சோதனைப் படத்தையும் சோதனை ஒலியையும் கொண்டு உருவாக்குங்கள்; உரிமம் பற்றிய கவலை இராது.

விவரப் பட்டியலைக் கையால் எழுதாதீர்கள். ஒவ்வோர் அமைப்பின் பெயர், வகை, இயல்பு மதிப்பு, விளக்கம் எல்லாம் நிரலிலேயே இருந்து, அங்கிருந்து பக்கம் உருவாகட்டும். விளக்கம் இல்லாத அமைப்பைச் சேர்த்தால் தானியங்கிச் சோதனையே தோற்கட்டும். ஏபிஐ (பிற நிரல்கள் சேவையை அழைக்கும் வழி) விவரத்துக்கும் ஓப்பன்ஏபிஐ என்ற விவரிப்பு வடிவத்தைக் கொண்டு இதையே செய்யுங்கள்.

செய்முறைகளில் மிக மதிப்புள்ளவை பழுதுநீக்கும் பக்கங்கள். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒரு பக்கம்; அதன் தலைப்பு பிழைச் செய்தியின் அதே சொற்கள், ஏனென்றால் தவிப்பில் இருப்பவர் அதைத்தான் தேடுகிறார். முதல் வரியில் பயனருக்கு இதனால் என்ன பாதிப்பு என்பது. பிறகு எதைப் பார்ப்பது, என்ன செய்வது, சரியாகிவிட்டதை எப்படி உறுதி செய்வது. எங்கள் மூன்று ஓட்டக் குழப்பத்துக்கு இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அது நான்கு நாட்களை எடுத்துக்கொண்டது.

முடிவுகளுக்கு, மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த கட்டமைப்பு முடிவுக் குறிப்பு முறை பொருத்தமானது: சூழல், முடிவு, விளைவு என ஒரு பக்கம். "ஏன் தனி வரிசை மென்பொருள் இல்லை?" என்று ஆண்டுக்கு நான்கு பேர் கேட்பார்கள். நால்வருக்கும் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம்.

உரிமப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. எச்.264 என்கோடரான எக்ஸ்264-ஐச் சேர்த்துத் தொகுத்தால் அந்தத் தொகுப்பு முழுவதும் ஜிபிஎல் ஆகிறது. எஃப்டிகே-ஏஏசி ஒலி என்கோடரையும் அதோடு சேர்த்தால் அந்தத் தொகுப்பை மறுவிநியோகம் செய்யவே கூடாது. நீங்கள் வெளியிடும் கன்டெய்னர் படிமத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெளிவாக எழுதுங்கள்.

பதிப்பு மாற்றக் குறிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் என்னவாகும் என்பதைச் சொல்லுங்கள். பழைய வொர்க்கரும் புதிய வொர்க்கரும் சில மணி நேரம் சேர்ந்தே இயங்கும். வேலைச் செய்தியில் பதிப்பு எண் இருந்து, புரியாத எண்ணை வொர்க்கர் தொடாமல் விட்டால் யாருக்கும் இழப்பில்லை.

படி 9: வெளியிடும் முன் ஒத்திகை

இந்தத் திட்டத்தை முன்பு தொட்டிராத ஒருவரிடம் வெற்றுக் கணினியையும் ஆவண முகவரியையும் கொடுங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் தயங்கி நின்ற ஒவ்வோர் இடத்தையும் பிழையாகப் பதிவு செய்யுங்கள். நிறுவி முடித்ததும் அவர் பார்க்காத வேளையில், என்கோடிங் நடுவே ஒரு வொர்க்கரை நிறுத்துங்கள். அடுத்து, தற்காலிக வட்டை நிரப்பிவிடுங்கள். பிறகு அவரிடம் ஒரே கேள்வி: "இந்தக் காணொளி இப்போது எங்கே இருக்கிறது?" உங்களிடம் எதுவும் கேட்காமல், ஆவணத்தையும் திரையையும் மட்டும் பார்த்து அவர் சரியான நிலையைச் சொல்லும்வரை அந்தப் பதிப்பை வெளியிடாதீர்கள்.